விளக்கை அணைத்தால் பூக்கும் பூ



பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குச் சென்றவர்கள் ஒரு காட்சியைக் கவனித்திருப்பீர்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஊர் அடங்கிவிடும். தேயிலைத் தோட்டங்கள் இருளில் மறைந்துவிடும். ஆனால், மலைச்சரிவில் நெகிழிக் கூரை போட்ட சில கொட்டகைகளில் மட்டும் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். உள்ளே யாரும் வேலை செய்வதில்லை. வரிசை வரிசையாகச் செவ்வந்திச் செடிகள் மட்டுமே நிற்கும். பக்கத்துக் கொட்டகையிலும் செவ்வந்திதான். ஆனால், அங்கே ஒரு விளக்குகூட எரியாது.

ஒரே வகைச் செடிக்கு ஓரிடத்தில் வெளிச்சம், மற்றோரிடத்தில் இருட்டு. ஏன் இந்த வேறுபாடு?

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலுக்கு வாருங்கள். சீனப் புத்தாண்டு, தீபாவளிக் காலங்களில் பலர் செவ்வந்திப் பூச்சாடி வாங்குவார்கள். வாங்கும்போது செடி முழுவதும் பூவாக இருக்கும். பூ வாடிய பிறகு கிளைகளை வெட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றி வளர்த்தால் இரண்டில் ஒரு புகார் எழும். ஒருவர், "ஒரு சாண்கூட வளரவில்லை, அதற்குள் இரண்டு சிறிய பூவோடு நின்றுவிட்டது" என்பார். அதே தாமானில் இன்னொருவர், "இலை இலையாக வளர்கிறது, ஆனால் மாதக்கணக்கில் ஒரு மொட்டுகூட இல்லை" என்பார். உரம் போதவில்லை, மண் சரியில்லை, கைராசி இல்லை என்று காரணங்கள் அடுக்கப்படும். கடைசியில் பூச்சாடி குப்பைத் தொட்டிக்குப் போய்விடும்.

இரண்டு புகாருக்கும், கேமரன் மலை விளக்குக்கும் பெரும்பாலும் ஒரே விடைதான். அந்த விடையை விஞ்ஞானிகள் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதைத் தெரிந்துகொண்டால், நாமும் செவ்வந்தியை நாம் விரும்பும் நேரத்தில் பூக்க வைக்கலாம்.

ஒரு பூவா, ஒரு கூட்டமா?

முதலில் பூவைக் கையில் எடுத்துப் பார்ப்போம். தமிழில் செவ்வந்தி, சாமந்தி என்று இதை அழைக்கிறோம். மலாயில் இதற்குப் பெயர் கெக்வா. கடைகளில் பெட்டியில் விற்கும் கெக்வா பானம் இந்தக் குடும்பத்து மலரைக் கொதிக்கவைத்துச் செய்வதே. அறிவியல் பெயர் கிரிசாந்திமம். கிரேக்க மொழியில் 'கிரிசோஸ்' என்றால் பொன், 'அந்திமோன்' என்றால் மலர். பொன்மலர் என்பது பொருள்.

மாலையில் கட்டப்படும் செண்டுமல்லியையும் சிலர் சாமந்தி என்றே சொல்வதுண்டு. இரண்டும் ஒரே குடும்பம், ஆனால் வேறு வேறு செடிகள். இலையைப் பார்த்தால் எளிதில் பிரித்தறியலாம். செண்டுமல்லியின் இலை, சிறுசிறு இலைகளாகப் பிரிந்து இறகுபோல் இருக்கும். செவ்வந்தியின் இலை ஒரே இலையாக, விளிம்பில் ஆழமான வெட்டுகளோடு இருக்கும். கசக்கி முகர்ந்தால் செண்டுமல்லியில் நெடி கடுமையாக இருக்கும். செவ்வந்தியில் மூலிகை மணம் வரும்.

நாம் 'ஒரு செவ்வந்திப் பூ' என்று சொல்வது உண்மையில் பல நூறு சிறு மலர்கள் நெருங்கி அமர்ந்த ஒரு கூட்டம். தாவரவியலில் இதைச் சிரமஞ்சரி என்பார்கள். ஒற்றை அடுக்குச் செவ்வந்தி ஒன்றை நீளவாக்கில் பிளந்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். ஓரத்தில் இதழ்போல நீண்டிருப்பவை கதிர் மலர்கள். நடுவில் மஞ்சள் பொத்தானாகத் தெரிபவை வட்டு மலர்கள். நாம் 'இதழ்' என்று பிய்த்து விளையாடுவது ஒவ்வொன்றும் ஒரு தனி மலர். பூச்சிகளை அழைக்கும் விளம்பரப் பலகையாகக் கதிர் மலர்கள் பயன்படுகின்றன. மகரந்தம் வட்டு மலர்களில் இருக்கிறது.

சீனாவில் 1,500 ஆண்டுகளுக்கும் மேலாகச் செவ்வந்தியை வளர்த்து வருகிறார்கள். அங்கிருந்து அது ஜப்பானுக்குச் சென்றது. ஜப்பானியப் பேரரசரின் முத்திரையில் உள்ளது 16 இதழ்ச் செவ்வந்திதான். 1789ஆம் ஆண்டு பிரெஞ்சு வணிகர் ஒருவர் சீனாவிலிருந்து செவ்வந்தியை மார்சேய் துறைமுகத்திற்குக் கொண்டுவந்தார். ஐரோப்பாவில் அது வேரூன்றியது அதற்குப் பிறகுதான். இத்தனை காலம் மனிதர்கள் விரும்பிய வடிவங்களைத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால், கதிர் மலர்கள் பலவிதமாக மாறின. சில உள்நோக்கி வளைந்து பந்துபோல் இருக்கும். சில கரண்டிபோல் நுனி விரிந்திருக்கும். சில சிலந்திக் கால்கள்போல் நீண்டு தொங்கும். அமெரிக்காவின் தேசியச் செவ்வந்திச் சங்கம் இந்த வடிவங்களை 13 பிரிவுகளாக வகுத்திருக்கிறது. அடுத்த முறை பூக்கடை முன்னால் நிற்கும்போது எத்தனை வடிவங்கள் கண்ணில் படுகின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

நீளமான பகலா, நீளமான இரவா?

இனி நம் கேள்விக்கு வருவோம். மிதவெப்ப நாடுகளில் செவ்வந்தி இலையுதிர்காலத்தின் பூ. வசந்தத்திலும் கோடையிலும் இலை விட்டு வளரும். பகல் குறுகத் தொடங்கியதும் மொட்டு விடும். மற்றப் பூக்கள் முடிந்துபோன அக்டோபர், நவம்பர் மாதங்களில் மலரும். செடிக்கு மாதம் எப்படித் தெரிகிறது?

இதற்கான முதல் தெளிவான விடை புகையிலைச் செடியிலிருந்து கிடைத்தது. அமெரிக்க வேளாண்மைத் துறையில் பணியாற்றிய கார்னர், அல்லார்ட் என்னும் இருவர் ஒரு புதுமையான புகையிலை வகையைக் கவனித்தார்கள். கோடையில் அது மனிதர் உயரத்தைத் தாண்டி வளர்ந்துகொண்டே போனது, பூக்கவில்லை. அதே வகையைக் குளிர்காலத்தில் கண்ணாடிக் குடிலில் வைத்தபோது சிறிய செடியாக இருக்கும்போதே பூத்தது. வெப்பமா, உரமா, ஈரமா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். எதுவும் பொருந்தவில்லை. 1918ஆம் ஆண்டு கோடையில் ஒரு சிறிய இருட்டுக் கொட்டகை கட்டி, பகல் முடியும் முன்பே செடிகளை அதற்குள் தள்ளிவிட்டார்கள். அதாவது, கோடையின் நடுவிலேயே செயற்கையாகக் குறுகிய பகலை உருவாக்கினார்கள். வெளியே நின்ற செடிகள் பூக்காமல் இருக்க, கொட்டகைக்குள் போய்வந்த செடிகள் பூத்தன.

1920ஆம் ஆண்டு அவர்கள் இந்த முடிவை வெளியிட்டார்கள். பகல், இரவின் நீளத்திற்கு ஏற்பத் தாவரங்கள் செயல்படுவதை இன்று ஒளிக்காலத்துவம் என்கிறோம். பகல் குறுகும்போது பூக்கும் செவ்வந்தி போன்றவை குறும்பகல் தாவரங்கள். பகல் நீளும்போது பூக்கும் பசலைக்கீரை வகையான ஸ்பினாச் போன்றவை நெடும்பகல் தாவரங்கள். தக்காளிபோல் பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாதவையும் உண்டு.

ஆனால், ஒரு நாளில் பகல் குறைந்தால் இரவு நீளும். அப்படியானால் செடி உண்மையில் எதை அளக்கிறது, குறைந்த பகலையா, நீண்ட இரவையா? 24 மணி நேர நாளில் இரண்டும் சேர்ந்தே மாறுவதால், வெறுமனே பார்த்து இதைச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு சாமர்த்தியமான சோதனை வேண்டும்.

1938ஆம் ஆண்டு ஹேம்னர், போனர் என்னும் இருவர் அதைச் செய்தார்கள். ஆடையில் ஒட்டிக்கொள்ளும் முள்காய்களைக் கொண்ட ஒரு களைச்செடியை எடுத்துக்கொண்டார்கள். அதுவும் குறும்பகல் தாவரம்தான். பகலின் நடுவே செடியைச் சற்று நேரம் இருட்டில் வைத்தார்கள். எந்த மாற்றமும் இல்லை, செடி பூத்தது. பிறகு, நீண்ட இரவின் நடுவே மிகச் சிறிது நேரம் வெளிச்சம் காட்டினார்கள். செடி பூக்கவில்லை!

பகல் எவ்வளவு குறுகியதாக இருந்தாலும் பயனில்லை. இரவு இடையூறு இல்லாமல் நீள வேண்டும். ஆகவே, 'குறும்பகல் தாவரம்' என்ற பெயர் பழக்கத்தில் நிலைத்துவிட்டாலும், அதை 'நெடு இரவுத் தாவரம்' என்று புரிந்துகொள்வதே சரி. செவ்வந்தி எண்ணுவது இரவை.

நம் நாட்டில் எல்லா நாளும் இலையுதிர்காலம்

இப்போது இந்த அறிவை நம் நாட்டிற்குப் பொருத்திப் பார்ப்போம். பெரும்பாலான தோட்டச் செவ்வந்தி வகைகளில் மொட்டு உருவாக, பகல் சுமார் 14½ மணி நேரத்திற்குக் குறைவாக இருக்க வேண்டும். மொட்டு வளர்ந்து நன்றாக மலர, அது சுமார் 13½ மணி நேரத்திற்குக் குறைவாக இருக்க வேண்டும். வகைக்கு வகை இந்த அளவு சற்று மாறும்.

லண்டனில் ஜூன் மாதத்தில் பகல் 16 மணி நேரத்திற்கு மேல் நீளும். டிசம்பரில் 8 மணி நேரத்திற்கும் குறைந்துவிடும். அங்கே செடி கோடை முழுவதும் உயரமாக வளர்ந்துவிட்டு, பிறகு பூக்கிறது. நாமோ பூமத்திய ரேகைக்கு அருகில் வாழ்கிறோம். கோலாலம்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 20 நிமிடங்கள்தான். சிங்கப்பூரில் அது சுமார் 9 நிமிடங்கள். ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம், இரவும் ஏறத்தாழ 12 மணி நேரம்.

செவ்வந்தியின் கணக்கில் இது என்ன? ஆண்டின் எல்லா நாளும் இலையுதிர்காலம்! வேர்விட்டு நான்கு இலை வைத்ததுமே, "பூக்கும் காலம் வந்துவிட்டது" என்று செடி முடிவு செய்கிறது. தண்டு நீளும் முன்பே நுனியில் மொட்டு வந்துவிடுகிறது. மொட்டு வந்த நுனியில் புதிய இலைகள் தோன்றுவதில்லை. முதல் வீட்டின் 'ஒரு சாண் செடி, இரண்டு பூ' புகாருக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

கேமரன் மலை விவசாயிகளுக்கும் இதே சிக்கல் உண்டு. கொத்தாகக் கட்டி விற்க நீண்ட தண்டு வேண்டும். அதனால், நட்ட முதல் சில வாரங்களுக்கு நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் விளக்கு போடுகிறார்கள். 12 மணி நேர இரவு இரண்டு துண்டுகளாக உடைகிறது. செடி, "இரவு இன்னும் குறுகியதாகவே இருக்கிறது, கோடைதான்" என்று எண்ணிக்கொண்டு தொடர்ந்து இலையும் தண்டுமாக வளர்கிறது. போதிய உயரம் வந்ததும் விளக்கை நிறுத்துகிறார்கள். மறுநாளிலிருந்து செடிக்கு நீண்ட இரவு கிடைக்கிறது, பூக்கத் தயாராகிறது. ஒளிரும் கொட்டகையில் இருப்பவை வளரும் செடிகள். இருண்ட கொட்டகையில் இருப்பவை மொட்டு விடும் செடிகள். நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இதுவே விடை.

இந்த விளக்கொளி செடிக்கு உணவு தயாரிக்க உதவுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். ஒளிச்சேர்க்கைக்கு அது மிகவும் குறைவு. புத்தகம் படிக்கப் போதுமான வெளிச்சமே இங்குப் போதுமானது. செடிக்கு அது ஒரு செய்தி, அவ்வளவுதான்.

இரண்டாவது வீட்டின் புகாரும் இப்போது புரிந்திருக்கும். பூக்காத அந்தச் செடி எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். இரவு முழுவதும் எரியும் வாசல் விளக்கின் அடியிலோ, தெருவிளக்கின் வெளிச்சம் விழும் வேலியோரத்திலோ இருக்க வாய்ப்பு அதிகம். உரத்தை மாற்றிப் பயனில்லை. பூச்சாடியை இருண்ட மூலைக்கு நகர்த்தினால் போதும்.

பகல் நீளும் நாடுகளில் இதற்கு நேர்மாறான வேலை நடக்கிறது. கோடையிலும் பூ வேண்டுமென்றால், மாலை 5 மணிக்கே செடிகள்மீது கறுப்புத் துணியைப் போர்த்தி, மறுநாள் காலை 8 மணிக்கு எடுப்பார்கள். ஜப்பானின் ஐச்சி மாநிலத்தில் இரவில் விளக்கு போட்டுப் பூப்பதைத் தள்ளிவைக்கிறார்கள். இலையுதிர்காலம் கடந்த பிறகும் சந்தைக்குப் பூ அனுப்ப இது உதவுகிறது.

இலை பார்க்கிறது, நுனி பூக்கிறது

செடியின் எந்தப் பகுதி இரவை அளக்கிறது? இந்தக் கேள்விக்கு விடை தந்த செடி செவ்வந்தியேதான். 1930களில் சோவியத் ஒன்றியத்தில் பணியாற்றிய ஆர்மீனிய விஞ்ஞானி மிகயில் சைலாக்யான், செவ்வந்தியின் மேல் பகுதியில் உள்ள இலைகளை நீக்கிவிட்டார். கீழே இலைகளை விட்டுவைத்தார். இலையுள்ள கீழ்ப்பகுதிக்கு மட்டும் நீண்ட இரவு கிடைக்குமாறும், இலையற்ற நுனிக்கு நீண்ட பகல் கிடைக்குமாறும் செய்தார். நுனியில் பூ வந்தது. மாற்றிச் செய்தபோது, அதாவது நுனிக்கு நீண்ட இரவும் இலைகளுக்கு நீண்ட பகலும் கொடுத்தபோது, பூ வரவில்லை.

அப்படியானால், இரவை அளப்பது இலை. மொட்டாக மாறுவது நுனி. இடையில் ஏதோ ஒரு செய்தி இலையிலிருந்து நுனிக்குப் பயணம் செய்கிறது. அந்தச் செய்திப்பொருளைக் கண்ணால் காணாமலேயே சைலாக்யான் அதற்குப் புளோரிஜென் என்று பெயரிட்டார். 'பூவை உருவாக்குவது' என்று பொருள். அதன்பின் ஏறத்தாழ 70 ஆண்டுகள் தேடல் நடந்தது. 2007ஆம் ஆண்டில்தான், அது இலையில் உருவாகிச் செடியின் உணவுக்குழாயான புளோயம் வழியே நுனிக்குச் செல்லும் ஒரு புரதம் என்பதற்கு உறுதியான சான்றுகள் வெளிவந்தன. பிறகு செவ்வந்தியில் ஜப்பானிய விஞ்ஞானிகள் இதற்கு எதிரான இன்னொரு புரதத்தையும் கண்டார்கள். இரவு குறுகியதாக இருக்கும்போது, அல்லது நள்ளிரவில் வெளிச்சம் படும்போது, இலை இந்த 'எதிர்ப் புளோரிஜெனை' உருவாக்கி, "இன்னும் பூக்காதே" என்று நுனிக்குச் சொல்லி அனுப்புகிறது. இந்த ஆய்வு 2013ஆம் ஆண்டு வெளிவந்தது.

இலைக்குக் கண் உண்டா? ஒருவகையில் உண்டு. ஃபைட்டோகுரோம் என்னும் நிறமிப் புரதம் அந்த வேலையைச் செய்கிறது. சிவப்பு ஒளி பட்டால் அது செயல்படும் வடிவத்திற்கு மாறும். நீண்ட இருளில் மெல்ல மெல்லப் பழைய வடிவத்திற்குத் திரும்பும். செடியின் உள்ளே இருக்கும் உயிர்க்கடிகாரம், மாலை இருட்டியதிலிருந்து நேரத்தைக் கணக்கிடுகிறது. குறிப்பிட்ட நேரம் கழித்து, "இப்போது வெளிச்சம் இருக்கிறதா?" என்று செடி சோதிப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் ஃபைட்டோகுரோம் "இருக்கிறது" என்றால் பூக்கும் வேலை நின்றுவிடும். மாலையில் விளக்கு போடுவதைவிட நள்ளிரவை ஒட்டிப் போடுவது நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் இதுதான்.

பண்டிகைக்குக் கணக்குப் போடுவோம்

விளக்கை நிறுத்திய நாளிலிருந்து பூ மலரும் வரை ஆகும் காலம் ஒவ்வொரு செவ்வந்தி வகைக்கும் ஏறத்தாழ நிலையானது. பெரும்பாலான வகைகளுக்கு அது 7 முதல் 10 வாரங்கள். இதை வைத்து விவசாயிகள் பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள்.

ஒரு பண்டிகைக்காக நவம்பர் 1ஆம் நாள் பூ கடைக்கு வர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வகை 9 வார வகை. 9 வாரம் என்றால் 63 நாள். ஆகவே, ஆகஸ்ட் 30ஆம் நாள் விளக்கை நிறுத்த வேண்டும். அதற்கு முன் தண்டு நீள 4 வாரம் விளக்கு வேண்டுமென்றால், ஆகஸ்ட் 2ஆம் நாள் நட வேண்டும். தண்டுத் துண்டு வேர்விட 2 வாரம். எனவே ஜூலை 19ஆம் நாளே துண்டுகளை நறுக்கி மணலில் ஊன்றியிருக்க வேண்டும். பண்டிகை நாளில் நாம் வாங்கும் பூவுக்குப் பின்னால் மூன்றரை மாதக் கணக்கு இருக்கிறது.

இந்தக் கணக்கைக் குலைப்பது வெப்பம். செவ்வந்தி குளிர்ந்த இரவை விரும்பும். இரவு வெப்பநிலை மிகுந்தால் மொட்டு வளர்வது தாமதமாகும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள கேமரன் மலை இதற்கு ஏற்ற இடமாக அமைந்ததற்கு அந்தக் குளிர்ச்சியே காரணம்.

கிள்ளுவதில் இருக்கும் அறிவியல்

செடியைக் கிள்ளினால் வலிக்குமே என்று பரிதாபப்பட வேண்டாம். செவ்வந்தி வளர்ப்பில் கிள்ளுவது ஒரு கலை. தண்டின் நுனி, ஆக்சின் என்னும் ஹார்மோனை உருவாக்கிக் கீழே அனுப்புகிறது. அது பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. நுனியைக் கிள்ளி எடுத்தால் அடக்குவதற்கு ஆளில்லை. பக்கவாட்டிலிருந்து மூன்று, நான்கு கிளைகள் புறப்படும். வட்டமாக, புதர்போல் செடி வேண்டுமென்றால், 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் நுனியைக் கிள்ளுங்கள்.

மொட்டு வந்த பிறகு செய்வது வேறு. ஒரு கிளையில் நுனி மொட்டை மட்டும் விட்டுப் பக்க மொட்டுகளைக் கிள்ளினால், உணவு முழுவதும் ஒரே பூவுக்குப் போகும். பூ பெரிதாகும். நுனி மொட்டைக் கிள்ளிப் பக்க மொட்டுகளை விட்டால் சிறுசிறு பூக்கள் கொத்தாக மலரும். பூக்கடையில் ஒரே தண்டில் ஒரு பெரிய பூ இருப்பதும், ஒரே தண்டில் பல சிறிய பூக்கள் இருப்பதும் வகையோடு இந்தக் கிள்ளலையும் பொறுத்தது.

இந்தக் கலையின் உச்சத்தை ஜப்பானில் காணலாம். தோக்கியோவின் சிஞ்சுகு தேசியத் தோட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத் தொடக்கத்தில் செவ்வந்திக் கண்காட்சி நடைபெறும். அங்கே ஓசுகுரி என்னும் முறையில் வளர்த்த செடிகளை வைப்பார்கள். ஒரே தண்டிலிருந்து கிளம்பிய ஒரே செடியில் நூற்றுக்கணக்கான பூக்கள், ஒரே அளவில், ஒரே நேரத்தில், குவிமாட வடிவில் மலர்ந்திருக்கும். திரும்பத் திரும்பக் கிள்ளிக் கிள்ளிக் கிளைகளைப் பெருக்கிய மாதக்கணக்கான உழைப்பு அது.

நீலம் எங்கே?

செவ்வந்தியில் மஞ்சள் நிறம் கரோட்டினாய்டு என்னும் நிறமியால் வருகிறது. கேரட்டுக்கு நிறம் தருவதும் அதே குடும்பத்து நிறமிதான். இளஞ்சிவப்பு, ஊதா நிறங்கள் ஆந்தோசயனினால் வருகின்றன. இரண்டும் சேர்ந்தால் செம்பு நிறம். வெப்பம் மிகுந்தால் ஆந்தோசயனின் குறைவாக உருவாகும். அதனால்தான் மலையில் அடர் இளஞ்சிவப்பாக இருந்த வகை, சமவெளியில் வெளிறிப் பூக்கும்.

ஆனால், இயற்கையில் நீலச் செவ்வந்தி இல்லை. 2017ஆம் ஆண்டு ஜப்பானிய விஞ்ஞானிகள் மரபணு மாற்றத்தின் மூலம் உண்மையான நீல நிறச் செவ்வந்தியை உருவாக்கினார்கள். அதற்கு இரண்டு மரபணுக்களைச் சேர்த்தார்கள். ஒன்று, மணி வடிவப் பூக்கும் கேம்பனுலாச் செடியிலிருந்து வந்தது. மற்றொன்று எதிலிருந்து தெரியுமா? நம் வேலியில் படரும் சங்குப்பூவிலிருந்து! நாசி கெராபுச் சோற்றை நீலமாக்கும் அதே தெலாங் பூதான்.

நீங்களே செய்து பாருங்கள்

பூ முடிந்த செவ்வந்திப் பூச்சாடி வீட்டில் இருந்தால் எறிய வேண்டாம். ஒரே வகைச் செடிகள் இரண்டு இருந்தால் ஓர் அருமையான ஆராய்வு காத்திருக்கிறது.

முதலில், தண்டுகளை மண்ணிலிருந்து 10 செ.மீ. உயரம் விட்டு வெட்டிவிடுங்கள். வடிகால் நன்றாக உள்ள மண் கலவை வேண்டும். தண்ணீரை இலைமேல் தெளிக்காமல் மண்ணில் ஊற்றுங்கள். ஈர இலையில் பூஞ்சை நோய் எளிதில் பரவும். பகலில் குறைந்தது 5 மணி நேரமாவது நேரடி வெயில் படட்டும். காலை வெயில் சிறந்தது. இலையின் அடிப்பக்கத்தில் அசுவினிப் பூச்சிகள் கூட்டமாக ஒட்டியிருந்தால் ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள்.

புதிய தளிர்கள் வந்ததும் சோதனையைத் தொடங்குங்கள்.

1. பூச்சாடி 'அ'வை இரவில் எந்த விளக்கொளியும் படாத இடத்தில் வையுங்கள்.

2. பூச்சாடி 'ஆ'வுக்கு மேலே சுமார் 1 மீட்டர் உயரத்தில் ஒரு சாதாரண எல்.இ.டி. விளக்கைப் பொருத்துங்கள். இரவு 10 மணி முதல் 2 மணி வரை எரியுமாறு டைமர் வையுங்கள். நீங்கள் விழித்திருக்க வேண்டியதில்லை! மின் இணைப்பைப் பெரியவர்களைக் கொண்டு செய்யுங்கள். தண்ணீர் படாத இடத்தில் இருக்கட்டும்.

3. 'ஆ'வின் வெளிச்சம் 'அ'வின்மேல் படாதவாறு நடுவே சுவரோ தடுப்போ இருக்க வேண்டும். பகலில் இரண்டுக்கும் ஒரே அளவு வெயில் கிடைக்க வேண்டும்.

4. வாரம் ஒருமுறை தண்டின் உயரம், இலைகளின் எண்ணிக்கை, மொட்டு தெரிகிறதா என்பவற்றைக் குறித்துவாருங்கள்.

5. ஐந்தாவது வாரம் 'ஆ'வின் விளக்கை நிறுத்திவிட்டு, தொடர்ந்து கவனியுங்கள்.

தமிழ்ப்பள்ளியில் படித்த அறிவியல் செயற்பாங்குத் திறன் நினைவிருக்கிறதா? இங்கே தற்சார்பு மாறி, நள்ளிரவு வெளிச்சம் இருப்பதும் இல்லாததும். சார்பு மாறி, மொட்டு தோன்றும் நாளும் அப்போதைய செடியின் உயரமும். கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள், செடியின் வகை, மண், உரம், தண்ணீர், பகல் வெயில் ஆகியவை. கருதுகோளை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எல்லா வகைச் செவ்வந்தியும் இரவைக் கணக்கிடுவதில் ஒரே அளவு கண்டிப்பானவை அல்ல. சில வகைகள் விளக்கு எரிந்தாலும் ஓரிரு மொட்டு விடலாம். சமவெளி வெப்பத்தால் 'அ'வின் மொட்டு தாமதமாகலாம். கடையில் வாங்கியபோது இருந்த குட்டையான வடிவமும் திரும்ப வராமல் போகலாம், ஏனென்றால் பல பண்ணைகளில் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் மருந்து தெளித்தே பூச்சாடிச் செடிகளைக் குட்டையாக வைத்திருக்கிறார்கள். எதிர்பார்த்தது நடக்காவிட்டால் குறிப்பேட்டில் அதையும் அப்படியே எழுதுங்கள். கார்னரும் அல்லார்டும் வெப்பம், உரம் என்று பொருந்தாத விடைகளை ஒவ்வொன்றாக நீக்கிய பிறகுதான் சரியான விடைக்கு வந்தார்கள்.

சிந்திக்க:

1. கேமரன் மலையில் ஒரு நாள் நள்ளிரவில் மின்தடை ஏற்பட்டால் வளரும் செடிகளுக்கு என்ன ஆகலாம்? ஒரு வாரம் தொடர்ந்தால்?

2. செவ்வந்திக் கொட்டகைக்கு அருகில் புதிதாக ஒரு தெருவிளக்கு வந்தால், எந்தக் கொட்டகையின் உரிமையாளர் கவலைப்பட வேண்டும்? வளரும் செடிகள் உள்ளவரா, மொட்டு விடும் செடிகள் உள்ளவரா?

இரண்டாவது கேள்விக்கு விடை கண்டுபிடித்தவர்கள், இன்றிரவே உங்கள் வீட்டு வாசல் விளக்கின் வெளிச்சம் எந்தெந்தச் செடிமேல் விழுகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.